முதல் அவே மேட்சா? ஸ்டீவர்ட்களோடு மல்லுக்கட்டாமல் ஆட்டம் பார்க்க ஒரு வழிகாட்டி

சொந்த மைதானத்தில் மட்டும் ஆட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கிலாந்தில் முதல் அவே மேட்ச், அதாவது எதிரணியின் மைதானத்தில் பார்க்கும் கால்பந்து ஆட்டம், கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். வழக்கமான கேட்டில் ஸ்டீவர்ட், அதாவது கூட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் மைதான ஊழியர், பையை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு, "என்ஜாய் த கேம்" என்று அனுப்பிவைப்பார். அதே சட்டை, அதே ஸ்கார்ஃபோடு நூறு மைல் தள்ளி இன்னொரு கிளப்பின் மைதானத்துக்குப் போனால் இரும்புத் தடுப்புகளுக்கு நடுவே வரிசை, மோப்ப நாய், இரண்டு இடத்தில் சோதனை. உள்ளே போனதும், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்மையே பார்த்து நிற்கும் மஞ்சள் சட்டைக்காரர்கள். நாம் என்ன தப்பு செய்தோம் என்று தோன்றும்.

ஒன்றும் செய்யவில்லை. அவர்களுக்கு உங்களைத் தெரியாது, அவ்வளவுதான். ஆட்டத்துக்கு முன் ஸ்டீவர்ட்களைக் கூட்டி, "இன்றைக்கு வருகிற கூட்டம் இப்படிப்பட்டது" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். போன சீசனில் உங்கள் ஆள் ஒருவர் புகைக்குண்டு கொளுத்தியிருந்தால் அந்தக் கணக்கு உங்கள் பேரிலும் ஏறியிருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடமாக அவே மேட்சுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்டீவர்ட் நல்லவரா கெட்டவரா என்று யோசிப்பதில் பிரயோசனம் இல்லை. அவர் சொல்வது நாட்டின் சட்டமா, மைதானத்தின் விதியா, அல்லது அவருடைய சொந்த விருப்பமா என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சட்டம் என்றால் மறுபேச்சு இல்லாமல் கேளுங்கள். விதி என்றால் பணிவாகப் பேசிப் பார்க்கலாம். சொந்த விருப்பம் என்றால் அவருடைய சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லலாம்.

இங்கே எழுதியிருப்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டங்கள் தனி.

முதலில் டிக்கெட்

பிரீமியர் லீகில் ஹோம் கிளப் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 டிக்கெட் ஒதுக்க வேண்டும். 30,000 பேருக்கும் குறைவாகக் கொள்ளும் மைதானம் என்றால் மொத்த இடத்தில் 10 சதவீதம். 2016-17 சீசனிலிருந்து அந்த டிக்கெட்டின் விலை 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பும் உண்டு. அதனால் டிக்கெட்டுக்குப் போட்டி அதிகம். பெரிய கிளப்களில், இதுவரை எத்தனை அவே மேட்ச் போயிருக்கிறீர்கள் என்று புள்ளிக் கணக்கு வைத்துத்தான் கொடுப்பார்கள். புதியவர்கள் செவ்வாய், புதன் இரவு ஆட்டங்களிலும், தூரத்து ஊர் ஆட்டங்களிலும் தொடங்குவது நல்லது. டிக்கெட்டும் கிடைக்கும், புள்ளியும் சேரும்.

கிடைக்கவில்லையே என்று ஹோம் ரசிகர்கள் பகுதியில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சாதாரணச் சட்டை போட்டிருந்தாலும் உங்கள் அணி கோல் அடிக்கும் அந்த இரண்டு விநாடியில் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டீவர்ட் வந்து வெளியே அழைத்துப் போவார். பணம் திரும்ப வராது. அவர்மேல் கோபம் வரும், ஆனால் பின் வரிசைக்காரர்களின் முகத்தைப் பார்த்தால் அவர் உங்களைக் காப்பாற்றினார் என்று புரியும். தெருவில் நின்று விற்பவரிடமும் வாங்காதீர்கள். கால்பந்து டிக்கெட்டை அனுமதி இல்லாமல் விற்பது 1994ஆம் வருடச் சட்டப்படி குற்றம். நண்பரின் டிக்கெட்டில் போவதாக இருந்தால் கிளப் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில அவே மேட்ச்களில் கேட்டில் அடையாள அட்டை கேட்பார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள்

போகிற கிளப்பின் இணையதளத்தில் வெளியூர் ரசிகர்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். அதைப் படிக்காமல் கிளம்பாதீர்கள். பெரும்பாலான இடங்களில் ஏ4 தாள் அளவுக்கு மேற்பட்ட பையை விடுவதில்லை. பையை வைக்க இடம் கொடுக்கும் மைதானங்கள் குறைவு. ரயில் நிலையத்திலேயே லாக்கர் தேட வேண்டியிருக்கும். மாத்திரை, இன்சுலின், இன்ஹேலர் கொண்டுபோகிறவர்கள் மருந்துச் சீட்டின் படத்தையாவது போனில் வைத்திருங்கள். பெரிய கொடி என்றால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். தீப்பிடிக்காத துணி என்பதற்குச் சான்றிதழும் கேட்பார்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிளப்பின் ரசிகர் தொடர்பு அதிகாரிக்கு எழுதுங்கள். எஸ்எல்ஓ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அவர் எதிர் கிளப்பின் எஸ்எல்ஓவிடம் கேட்டுச் சொல்வார். இந்த வேலையைச் செய்ய ஒரு ஆள் இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஒன்று மட்டும்: வருகிற பதில் மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஒருமுறை நானும் நண்பர்களும் ஆறடிக் கொடி ஒன்றுக்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். கேட்டில் நின்றவர், "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று ஒரே பிடியாக நின்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. போனில் சிக்னலும் இல்லை. கொடி அன்று நாங்கள் வந்த கோச் பஸ்ஸிலேயே தூங்கியது. அடுத்த முறை தாளைக் காட்டினோம், இரண்டு நிமிடத்தில் சூப்பர்வைசர் வந்து விட்டுவிட்டார்.

கோச் என்றதும் இன்னொன்று. வாடகைக் கோச்சில் ஆட்டத்துக்குப் போகும்போது அதில் மது வைத்திருப்பதே குற்றம். குடிபோதையில் மைதானத்துக்குள் நுழைய முயல்வதும் குற்றம். ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் நின்று குடிப்பதும் அப்படியே. மூன்றும் 1985ஆம் வருடச் சட்டம். "இங்கே குடிக்காதே" என்று ஸ்டீவர்ட் சொன்னால் அவர் இரக்கப்பட்டாலும் விட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். சீட்டுக்குப் பின்னால் உள்ள கான்கோர்ஸில் குடித்து முடித்துவிட்டு வர வேண்டியதுதான். சில ஆட்டங்களுக்கு அவே பகுதியில் மது விற்பதே இல்லை.

யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். பளிச்சென்ற சட்டை போட்டவர்கள் எல்லாரையும் ஒரே கூட்டமாக நினைத்துவிடுகிறார்கள்.

படிக்கட்டிலும் வாசலிலும் நிற்பவர்கள் பாதுகாப்பு ஸ்டீவர்ட்கள். பெரும்பாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் வந்துபோகும் பகுதிநேர ஆட்கள்: மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், அந்த ஊர்க்காரர்கள். வழி சொல்வது, படிக்கட்டைக் காலியாக வைத்திருப்பது, யாராவது மயங்கி விழுந்தால் முதலுதவி ஆட்களைக் கூப்பிடுவது, இதுதான் வேலை. இவர்களிடம் விதியைப் பற்றி வாதாடுவது வீண். முடிவெடுக்கும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை.

அடுத்து வேறு நிறச் சட்டையில், நாலைந்து பேராகச் சேர்ந்தே நடமாடும் குழு. யாரையாவது வெளியேற்றுவது, இரு தரப்பு ரசிகர்களுக்கும் நடுவே சுவராக நிற்பது எல்லாம் இவர்கள் வேலை. நிறம் மைதானத்துக்கு மைதானம் மாறும், ஆகவே நிறத்தை மனப்பாடம் செய்யாமல் நடையைப் பாருங்கள். வெளி நிறுவனத்தின் மூலம் இப்படிப்பட்ட காவல் வேலைக்கு வருகிறவருக்கு எஸ்ஐஏ என்ற அரசு அமைப்பின் உரிமம் வேண்டும். அட்டை வெளியே தெரிய வேண்டும். கிளப்பே நேரடியாக வேலைக்கு வைத்திருந்தால் அந்த உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. அதனால் அட்டை இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சட்டையில் எண் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த எண்தான்.

மூன்றாவது வகையைத்தான் முதலில் தேட வேண்டும்: உங்கள் கிளப்பிலிருந்தே உங்களோடு பயணம் செய்து வந்த ஸ்டீவர்ட்கள். எல்லா ஆட்டத்துக்கும் வருவதில்லை. வந்தால் அவே பகுதி வாசலிலேயே இருப்பார்கள், சட்டையில் உங்கள் கிளப்பின் சின்னம் இருக்கும். வழக்கமாக வருகிற ரசிகர்களை முகம் பார்த்தே தெரியும். "இவர் எப்போதும் இப்படித்தான் கத்துவார், ஆபத்தில்லை" என்று ஹோம் ஸ்டீவர்டிடம் இவர் சொல்கிற ஒரு வார்த்தையில் எத்தனையோ சண்டை அடங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் இவரிடம் போங்கள்.

போலீஸ் தனி. ஸ்டீவர்டுக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. ஆனால் மைதானம் கிளப்பின் இடம், ஆகவே உங்களை வெளியே போகச் சொல்லும் உரிமை கிளப்பின் சார்பில் அவருக்கு உண்டு. மறுத்தால் நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தி வெளியேற்றவும் முடியும்.

இந்த ஏற்பாடு வந்த கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்ஏ கோப்பை அரையிறுதிக்கு வந்த லிவர்பூல் ரசிகர்கள் கம்பி வேலியிட்ட கூண்டுகளுக்குள் நசுங்கினார்கள். 97 பேர் இறந்தார்கள். முன்னால் உயிர் போய்க்கொண்டிருந்தபோது அதைக் கலாட்டா என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். 2016இல் மரண விசாரணை நடுவர் குழு, அதுவரை இறந்திருந்த 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள்மேல் தப்பில்லை என்று முடிவு சொன்னது. 1990இல் வந்த டெய்லர் அறிக்கைக்குப் பிறகு வேலிகள் போயின, மேல் டிவிஷன்களில் எல்லாருக்கும் சீட் வந்தது, கூட்டத்தின் பாதுகாப்புக்குக் கிளப்தான் பொறுப்பு என்பது உறுதியானது. இன்று படிக்கட்டில் நிற்கும் மஞ்சள் சட்டைக்காரர் அந்த மாற்றத்தின் பிள்ளை. கூட்டத்தை அடக்க வந்தவராக அவர் தன்னை நினைத்துக்கொண்டால் பழைய புத்தி திரும்புகிறது என்று அர்த்தம். அதைச் சொல்லிக்காட்ட நமக்கு உரிமை உண்டு.

கேட்டில்

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். கடைசி இருபது நிமிடத்தில் கூட்டம் முட்டும்போதுதான் இரண்டு பக்கமும் பொறுமை போகும். முன்னால் நெரிசல் என்று பட்டால் பின்வாங்கி ஓரமாக நில்லுங்கள். ஒரு கோலைத் தவறவிட்டால் குடி முழுகிவிடாது.

சோதனை விஷயத்தில் நிலைமை இது: உங்கள் சம்மதம் இல்லாமல் ஸ்டீவர்ட் உங்களைத் தொட்டுச் சோதனையிட முடியாது. ஆனால் நீங்கள் சம்மதிக்காவிட்டால் உள்ளே விடாமல் இருக்கலாம். ஆக, சம்மதம் என்பது பெயரளவுக்குத்தான். கைகளை விரித்து நில்லுங்கள், பாக்கெட்டில் இருப்பதை நீங்களே எடுத்துக் காட்டுங்கள், வேலை பத்து விநாடியில் முடியும். பெண்களைப் பெண் ஸ்டீவர்ட்தான் தொட்டுச் சோதிக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் காத்திருக்கக் கேளுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தைகளைச் சோதிக்கும்போது கூட வந்த பெரியவர் பக்கத்தில் நிற்கலாம். காலணியைக் கழற்று, உள்ளாடையைக் காட்டு என்றெல்லாம் சொன்னால் அங்கேயே நிறுத்தி, சூப்பர்வைசரைக் கேளுங்கள்.

தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். மூடியோடு நிறைந்த பாட்டில் பறந்து வந்தால் கல் மாதிரி. மூடி இல்லாவிட்டால் பாதி வழியிலேயே காலியாகிவிடும். காரணம் சரிதான். ஆனாலும் எனக்கு எரிச்சல் வரும். வழக்கமாகப் போகிறவர்கள் சட்டைப்பையில் உபரி மூடி ஒன்று வைத்திருப்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

பட்டாசு, ஃப்ளேர், புகைக்குண்டு இவற்றோடு பிடிபட்டால் பேச்சே இல்லை, நேராகப் போலீஸ். நீதிமன்றம் கால்பந்துத் தடை உத்தரவு போட்டால் குறைந்தது மூன்று வருடம் எந்த மைதானத்துக்கும் போக முடியாது; உச்சம் பத்து வருடம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னும் ஒருபடி கவனமாக இருங்கள், குற்றப் பதிவு விசாவையும் தொடும்.

உட்காருவதா, நிற்பதா

சீட் எண் டிக்கெட்டில் இருக்கும். அவே பகுதியில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பார்ப்பார்கள். சீட் உள்ள இடத்தில் நிற்பது குற்றம் அல்ல, மைதானத்தின் விதியை மீறுவது. ஸ்டீவர்ட் மூன்று முறை வந்து "உட்காருங்கள்" என்பார், நாலாவது முறை அவருக்கே அலுத்துவிடும். ஆயிரம் பேர் நிற்கும்போது உங்களை மட்டும் பிடித்தால், "எல்லாரும் நிற்கிறார்களே, உட்கார்ந்தால் எதுவும் தெரியவில்லை" என்று சிரித்தபடி சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் போய்விடுவார். 2022-23 சீசனிலிருந்து உரிமம் பெற்ற மைதானங்களில் தடுப்புக் கம்பியோடு நின்று பார்க்கும் இடங்கள் சட்டப்படியே வந்துவிட்டன. அங்கே இந்தத் தொல்லை இல்லை.

குழந்தையோடு போகிறவர்கள், நிற்க முடியாதவர்கள் டிக்கெட் வாங்கும்போதே முன் வரிசையோ, மாற்றுத்திறனாளிகளுக்கான இடமோ கேளுங்கள். உள்ளே வந்து ஒன்றும் தெரியவில்லை என்றால் ஸ்டீவர்டிடமே சொல்லுங்கள். காலி சீட் பார்த்து மாற்றி உட்காரவைத்த ஸ்டீவர்ட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உதவி கேட்கிறவரிடம் அவர்கள் முகமே மாறிவிடும்.

படிக்கட்டு விஷயத்தில் மட்டும் பேரம் கிடையாது. சீட்டுகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் நிற்காதீர்கள். ஆபத்து என்றால் ஆயிரம் பேர் வெளியேற இருப்பது அந்த ஒரு வழிதான். அங்கே நிற்பவரை விரட்டும் ஸ்டீவர்ட் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். இதில் நான் எப்போதும் ஸ்டீவர்ட் பக்கம்.

கோல் விழுந்ததும் முன்னால் ஓடத் தோன்றும். விளம்பரப் பலகையைத் தாண்டி ஆடுகளத்தில் கால் வைத்தால் அது 1991ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பொருளை எறிவதும், இனவெறிக் கோஷமும் அதே சட்டத்தில் வருகின்றன. ஹில்ஸ்பரோ போன்ற துயரங்களைச் சொல்லி எதிரணியைக் கிண்டல் செய்யும் பாட்டுக்கும் இப்போது கைது வரை போகிறார்கள். பக்கத்தில் பாடுகிறார்கள் என்று வார்த்தை புரியாமல் கூடச் சேர்ந்து பாடாதீர்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

நம் தோல் நிறத்தை வைத்து யாராவது ஏதாவது சொன்னால், அது எதிர்ப்பக்கமானாலும் நம் பக்கமானாலும், சீட் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு ஸ்டீவர்டிடம் சொல்லுங்கள். பல மைதானங்களில் குறுஞ்செய்தி அனுப்ப ஓர் எண்ணைச் சுவரில் எழுதியிருப்பார்கள். எழுந்து போகாமல், யாருக்கும் தெரியாமல் சொல்ல அதுதான் வசதி. அவர்கள் அசையவில்லை என்றால் கால்பந்தில் இனவெறியை எதிர்க்கும் கிக் இட் அவுட் அமைப்பிடம் பதிவு செய்யுங்கள்.

உங்களையே பிடித்துவிட்டால்

அப்பாவிகளும் மாட்டுவது உண்டு. பின்னால் இருந்தவன் எறிந்த கோப்பைக்கு முன்னால் இருந்தவன் வெளியே போவது புதிதல்ல. அப்போது செய்ய வேண்டியது இது. கையைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அவர் தோளைத் தொட்டாலும் நீங்கள் திரும்பத் தொடாதீர்கள். தட்டிவிட்டாலே தாக்குதல் என்று எழுதிவிடலாம். "வாட் இஸ் த ரீசன், ப்ளீஸ்?" என்று ஒருமுறை கேளுங்கள். "குட் ஐ ஸ்பீக் டு யுவர் சூப்பர்வைசர்?" என்று ஒருமுறை. அதற்கும் அசையவில்லை என்றால் கூடவே நடந்து போய்விடுங்கள். படிக்கட்டில் நின்று நியாயம் கேட்டு ஜெயித்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. கான்கோர்ஸுக்குள் வந்து, கூட்டத்தின் கண் மறைந்ததும் அவர்களும் கொஞ்சம் மனிதர்களாகிவிடுவார்கள். அங்கே பேசி, திரும்ப உள்ளே அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

நண்பரைக் கூட்டிப்போகிறார்கள் என்றால் நீங்கள் பாய்ந்து தடுக்காதீர்கள். பின்னாலேயே போங்கள், தூரத்திலிருந்து போனில் பதிவு செய்யுங்கள், உங்கள் கிளப் ஸ்டீவர்டைக் கூப்பிடுங்கள். சட்டை எண், நேரம், பிளாக், வரிசை, பக்கத்தில் பார்த்தவர் ஒருவரின் போன் எண், இவ்வளவையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸ் கையில் ஒப்படைத்துவிட்டால் கதை வேறு. வக்கீல் வராமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காவல் நிலையத்தில் இலவச சட்ட உதவி கேட்பது உங்கள் உரிமை.

ஆட்டம் முடிந்த பிறகு

சில ஆட்டங்களில் ஹோம் கூட்டம் கலையும் வரை வெளியூர் ரசிகர்களை உள்ளேயே நிறுத்திவைப்பார்கள். எத்தனை நிமிடம் என்று கேளுங்கள், சொல்ல மாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள். கடைசி ரயிலை இதைக் கணக்கில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

புகார் எழுதுவதாக இருந்தால் மறுநாளே எழுதுங்கள். கேமராப் பதிவுகளை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் இருக்கும் காட்சியைத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். முதல் கடிதத்திலேயே "அழிக்காமல் வையுங்கள்" என்று எழுதிவிடுங்கள். கடிதம் ஹோம் கிளப்புக்கு, நகல் உங்கள் எஸ்எல்ஓவுக்கு. கோபத்தை விட்டுவிட்டு நேரம், இடம், எண் மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். பதில் சரியில்லை என்றால் லீக் நிர்வாகம், அதற்கும் மேலே இண்டிபெண்டன்ட் ஃபுட்பால் ஓம்புட்ஸ்மேன் என்ற சுயேச்சையான குறைதீர்ப்பாளர். ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் என்ற ரசிகர் சங்கமும் வழிகாட்டும். போலீஸ் வழக்கு வரை போனவர்களுக்கு அவர்கள் உதவியது அதிகம்.

நன்றாக நடத்தினாலும் இரண்டு வரி எழுதுங்கள். புகாரை மட்டுமே படிக்கிறவர்கள் அதையும் படிக்கட்டும்.

எழுதினால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மைதானத்தில் என் தங்கையைச் சோதிக்கப் பெண் ஸ்டீவர்ட் இல்லாமல் 25 நிமிடம் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். உள்ளே முதல் கோல் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் எழுதினோம். மூன்று வாரம் கழித்து ஒப்புக்கு ஒரு பதில் வந்தது, நாங்களும் மறந்துவிட்டோம். அடுத்த சீசன் போனபோது அதே கேட்டில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள், தங்கை ஒரு நிமிடத்தில் உள்ளே போனாள். பாட்டில் மூடியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.